பீனால்–நீர்ச் செய்முறையும் ஐசிங் மாதிரியும்

சென்னைக் கல்லூரிகளின் பி.எஸ்சி. வேதியியல் ஆய்வகத்தில் பீனால்–நீர்ச் செய்முறை பழையது. கொதிகுழாயில் பீனாலும் நீரும். வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கலக்கினால் கலங்கல் ஒரு வெப்பநிலையில் சட்டென்று தெளிகிறது, ஆறும்போது திரும்புகிறது. தெளியும், கலங்கும் வெப்பநிலைகளின் சராசரியைக் குறித்துக்கொண்டு, ப்யூரெட்டிலிருந்து நீர் சேர்த்து மறுபடி தொடங்க வேண்டும். செறிவுக்கு எதிரே வெப்பநிலையை வரைந்தால் ஒரு கவிகை எழும். அதன் உச்சி, அதாவது மாறுநிலை வெப்பநிலை, ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ். உச்சியருகே கலவை தெளிந்தும் தெளியாமலும் பால்போல் ஒளிர்வதை மாணவர் கண்டிருப்பர். செறிவின் ஏற்ற இறக்கங்கள் ஒளியின் அலைநீளத்தை எட்டும் அளவுக்குப் பரந்துவிட்டதன் அடையாளம் அது.

அதே சென்னையில், மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணனின் ஏகாம்ர நிவாஸ் இல்லத்தில் நடந்த இயற்பியல் கருத்தரங்கிலிருந்தே கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. 1962 சனவரியில் மாநிலக் கல்லூரியில் தொடங்கிய அது இன்று தரமணியில் இருக்கிறது. அத்தகைய இடங்களில் கரும்பலகையில் எழுதப்படும் ஐசிங் மாதிரியும் மேற்சொன்ன கொதிகுழாயும் ஒன்றையே பேசுகின்றன. இதை நாம் இளநிலை மாணவருக்குச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

வலையின் ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ நோக்கும் ஒரு சுழற்சி: காந்தத்துக்காக 1920-இல் லென்ஸ் முன்மொழிந்த இம்மாதிரியை, ஒரு பரிமாணத்தில் 1925-இல் ஐசிங் தீர்த்தார். அங்கே நிலைமாற்றமே இல்லை. இரு பரிமாணச் சதுர வலையை 1944-இல் ஆன்சாகர் தீர்த்தார். மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது, அதிலிருந்துள்ள வெப்பநிலை வேறுபாட்டின் எந்த அடுக்காகக் காந்தமாக்கம் மறைகிறதோ, அந்த அடுக்கு 1/8 என்று 1952-இல் யாங் காட்டினார். முப்பரிமாணத்துக்கு இன்றுவரை முழுத்தீர்வு இல்லை. எண்வழிக் கணக்குகள் 0.326 என்கின்றன. வைஸின் சராசரிப் புலக் கோட்பாடு சொன்னது 1/2. மேல்நோக்கிய சுழற்சியைப் பீனால் என்றும் கீழ்நோக்கியதை நீர் என்றும் கொண்டால், கவிகையின் அகலமே காந்தமாக்கம்.

உச்சியருகே ஒரே அடுக்குகளைக் காட்டுவனவற்றை ஒரே வகுப்பு என்பர். காந்தத்துக்காகப் பிறந்த இம்மாதிரியின் வகுப்பில் இரும்பு சேர்வதில்லை. இரும்பின் சுழற்சி எத்திசையும் நோக்கலாம். அது ஹைசன்பர்க் வகுப்பு, அடுக்கு சுமார் 0.37. பீனால்–நீர்க் கலவையோ ஐசிங் வகுப்பைச் சேர்ந்தது. அணு என்ன, விசை என்ன என்பதெல்லாம் உச்சியருகே பொருட்டில்லை; பரிமாணமும் ஒழுங்கின் சமச்சீருமே வகுப்பைத் தீர்மானிக்கின்றன. இதற்கு வில்சன் 1971-இல் மறு இயல்பாக்க முறையால் அடிப்படை அளித்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

சோதிப்பது எளிது. உச்சிக்கு 1 டிகிரி கீழும் 8 டிகிரி கீழும் கவிகையின் அகலத்தை அளக்க வேண்டும். சராசரிப் புலம் சரியென்றால் அகலம் 2.83 மடங்காகும், ஐசிங் சரியென்றால் 1.97 மடங்கு. வெப்பமானியின் பிழையையும் மீறித் தெரியும் வேறுபாடு இது.

செய்முறையின் இரண்டாம் பகுதியில் உப்பு சேர்க்கிறோம், உச்சி உயர்கிறது. மாறுநிலை வெப்பநிலை பொதுவானதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் உப்பு அடுக்கைத் தொடவே தொடாது என்று சொல்லிவிடக் கூடாது. மூன்றாம் பொருள் சேர்ந்தால் அடுக்கு மாறும் என்பதை 1968-இல் ஃபிஷர் நிறுவினார்: 0.326-ஐ 0.89-ஆல் (ஒன்றிலிருந்து வெப்ப ஏற்பின் அடுக்கைக் கழித்த மதிப்பு) வகுத்தால் சுமார் 0.37. ஹைசன்பர்க் மதிப்போடு இது ஒத்துப்போவது தற்செயல். எண்ணை மட்டும் பார்த்து வகுப்பை முடிவுசெய்யக் கூடாது.

ரெக்கார்டு நோட்டில் உச்சி வெப்பநிலையோடு நிறுத்திக்கொள்கிறோம். அகலத்தின் மடக்கையை வெப்பநிலை வேறுபாட்டின் மடக்கைக்கு எதிரே வரைய இன்னும் ஒரு பக்கம் போதும். செய்முறை நடத்தும் ஆசிரியர்கள் வரும் பருவத்திலேயே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.