நோய் தீர்ப்போரின் நோவு

உறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைத் தட்டியெழுப்பி, உறக்கம் வருவதற்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகும் தாதியைப் பற்றிய வேடிக்கைக் கதையை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம். அது வெறுங் கதையன்று. லண்டன் மாநகரில் ஒரு போதனா மருத்துவமனையில் அத்தகைய வழக்கம் இருந்ததை 1960ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று குறித்து வைத்திருக்கிறது. அந்தத் தாதி அறிவற்றவரா? அல்லர். நோயாளி தூங்குகிறார், மாத்திரை வேண்டியதில்லை என்பதை அவர் கண்ணாரக் காண்கிறார். ஆயினும் அந்த வேளைக்கு அந்த மாத்திரை என்பது பட்டியலில் எழுதப்பட்ட கடமை. அதை விட்டுத் தாமாக ஒரு முடிவு செய்ய அவருக்கு இடமில்லை. மருத்துவப் பணியாளரின் மனத்தளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சி நடந்து வந்த வழியை இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்கி நோக்குவோம்.

அக்கட்டுரையை எழுதியவர் இசபெல் மென்ஸீஸ் அம்மையார். ஸ்காத்லாந்தில் பிறந்து, பொருளாதாரமும் உளநூலும் கற்று, லண்டனில் டாவிஸ்டாக் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். மருத்துவமனை அவரை அழைத்தது மனத்தளர்ச்சியை ஆராய்வதற்காக அன்று. மாணவத் தாதியரை எந்த வார்டுக்கு எப்போது அனுப்புவது என்னும் கணக்கு குழம்பிப்போயிருந்தது. வார்டுகளின் தேவை ஒருபுறம் இழுக்க, மாணவியரின் பயிற்சி மறுபுறம் இழுத்தது. அந்தச் சிக்கலை அவிழ்த்துத் தரும்படியே கேட்டார்கள். அங்கே ஏறத்தாழ 700 தாதியர் இருந்தனர். அவர்களுள் பயிற்சி முடித்தவர் 150 பேரே. எஞ்சிய அனைவரும் மாணவியர். வார்டுகளைத் தாங்கி நின்ற கைகள் பெரும்பாலும் இன்னும் கற்றுக்கொண்டிருந்த கைகளே என்பது இதனால் விளங்கும். அம்மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நான்காண்டுப் பயிற்சியை முடிக்காமலே வெளியேறி வந்தனர். வெளியேறியவர் எல்லோரும் திறமை குன்றியவராயிருந்தால் நிர்வாகத்தார் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். நல்ல மாணவியர் பலர் அவர்களுள் இருந்தனர் என்பதே கவலைக்கு உரியதாயிற்று.

தாதியின் வேலையில் அச்சம் கலந்தே இருக்கிறது. சாகப் போகிறவரின் அருகில் நிற்க வேண்டும். அருவருப்புத் தரும் புண்ணைத் தொட்டுத் துடைக்க வேண்டும். உறவினரின் அழுகையையும் சில வேளை அவர்களுடைய கோபத்தையும் ஏற்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இது எளிதான சுமையன்று. இந்த அச்சத்தினின்று தாதியைக் காப்பதற்காக மருத்துவமனை நெடுங்காலமாகச் சில பழக்கங்களை வளர்த்துக்கொண்டிருக்கிறது என்று அம்மையார் கண்டார். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுதும் கவனிப்பதில்லை. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒருத்தி எல்லார்க்கும் ஒரு சில பணிகளை மட்டும் செய்து நகர்கிறாள். நோயாளிக்குப் பெயர் இல்லை. "பத்தாம் படுக்கைக் கல்லீரல்", "பதினைந்தாம் படுக்கை நுரையீரல் காய்ச்சல்" என்று படுக்கையும் உறுப்பும் நோயுமே பேசப்படுகின்றன. ஒரு வார்டில் மனம் ஒன்றத் தொடங்கும் வேளையில், முன்னறிவிப்பு அதிகமின்றி மாணவி வேறு வார்டுக்கு மாற்றப்படுகிறாள். சிறு முடிவையும் இருவர் மூவர் சரிபார்க்கின்றனர். தாமே செய்யக்கூடியதையும் மேலுள்ளவரிடம் அனுப்பிவிடுகின்றனர்.

இவை யாவும் பாதுகாப்புக்காக எழுந்தவை, ஆனால் பாதுகாக்கவில்லை. ஒருவர் பிழைத்தெழுந்து வீட்டுக்குப் போவதைக் கண்டு, அதில் நம் கையும் உண்டு என்று மகிழ்வதே இத்தொழிலின் ஊதியங்களுள் தலையாயது. வேலையைத் துண்டாக்கிய ஏற்பாடு அச்சத்தை முற்றும் நீக்காமல், அந்த மகிழ்ச்சியை மட்டும் பறித்துக்கொண்டது. தம் அறிவைப் பயன்படுத்த இடமில்லாத இடத்தில் அறிவுடையவர் எப்படித் தங்குவர்? மெலனி கிளைனின் உளப்பகுப்புக் கொள்கையை ஒட்டி அம்மையார் தரும் விளக்கங்களை எல்லோரும் ஒப்புவதில்லை. நமக்கும் சில இடங்களில் ஐயம் எழுகிறது. ஆனால் அவர் கண்ணால் கண்டு எழுதிய பகுதிகளுக்கு அந்தக் கொள்கையின் துணை வேண்டியதில்லை. மருத்துவமனை வராந்தாவில் ஓரிரவு காத்திருந்தவர் எவரும் அவற்றை உடனே இனங்கண்டுகொள்வர்.

ஏறத்தாழ அதே காலத்தில், மான்செஸ்டரில் வேறொருவர் வேறு வழியில் அதே இடத்தை வந்தடைந்தார். அவர் ரெஜினால்ட் ரெவான்ஸ். கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்றவர். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் நீளந் தாண்டியவர். நிலக்கரிச் சுரங்கத் துறையில் கல்விப் பொறுப்பு வகித்த பின் பேராசிரியரானவர். மனத்தின் ஆழங்களைத் தேடாமல் அவர் மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். தாதியர் விலகும் அளவு, நோயாளிகள் படுக்கையில் கிடக்கும் நாட்கள் ஆகியவற்றை எடுத்து ஒப்பிட்டார். அவற்றிடையே அவர் கண்ட தொடர்பு 1964இல் நூலாக வெளிவந்தது. தாதியர் நிலைத்து நிற்கும் மருத்துவமனையில் நோயாளிகளும் விரைவில் குணமடைந்து வீடு திரும்புகின்றனர். தாதியர் அடிக்கடி விலகும் இடத்தில் நோயாளிகளும் நெடுநாள் கிடக்கின்றனர். காரணம் என்ன? மாணவி ஒரு சந்தேகத்தைக் கேட்டால், வார்டுப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் பொறுமையாக விடை சொல்கிறாரா, அன்றி "உன் வேலையைப் பார்" என்கிறாரா என்பதில் ரெவான்ஸ் கருத்தைச் செலுத்தினார். அந்தச் சிஸ்டருக்கும் மேலுள்ள மருத்துவரும் நிர்வாகியும் விடை சொல்லாதிருக்கலாம். அப்போது அந்த மௌனம் படிப்படியாகக் கீழிறங்கி நோயாளி வரை வந்து சேர்கிறது.

ஆகவே, தாதியின் நலமும் நோயாளியின் நலமும் இரு வேறு கணக்குகள் அல்ல என்பது அறுபதாண்டுகளுக்கு முன்னரே காட்டப்பட்டுவிட்டது. 1960களில் லண்டனின் 10 மருத்துவமனைகளில் ரெவான்ஸ் ஒரு முயற்சியையும் நடத்தினார். வெளியிலிருந்து நிபுணர் வந்து அறிக்கை எழுதுவதற்கு மாறாக, அங்கே பணிபுரிவோரே தம் குறைகளை ஆராய்ந்து தாமே மாற்று வழி தேட வேண்டும் என்பது அதன் கருத்து.

இந்நிலைக்குப் பெயர் கிடைத்தது அமெரிக்காவில். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளநூல் வல்லுநர், நியூயார்க்கில் ஏழையர்க்கான இலவச மருத்துவ நிலையம் ஒன்றில், தம் பகற்பணி முடிந்த பின் இரவு வரை உழைத்தார். உடனுழைத்தோர் ஒவ்வொருவராக ஓய்ந்து போவதைக் கண்டார். தாமும் அதற்குத் தப்பவில்லை. 1974இல் அவர் எழுதிய கட்டுரை "பர்ன் அவுட்" என்னும் சொல்லை ஆராய்ச்சி உலகில் நிலைபெறச் செய்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் தொல்லை தந்திருக்கிறது. "சோர்வு" என்றால் ஒரு நாள் உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். உறங்கி எழுந்த பின்னும் தீராதது இது. எண்ணெய் வற்றித் திரி கருகிய விளக்கின் நிலை என்று விளக்கிச் சொல்லலாமேயன்றி, ஒரு சொல்லில் அடக்குவது அரிது. "பணிச்சோர்வு" என்று அரைமனத்துடன் வைத்துக்கொள்கிறோம்.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் அம்மையாரும் சூசன் ஜாக்ஸனும் 22 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். உள்ளம் வற்றிப்போதல், எதிரே உள்ள மனிதரைப் பொருளைப் போல நடத்தத் தொடங்குதல், தாம் செய்வது எதுவும் பயனற்றது என எண்ணுதல் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. இரண்டாவது, மென்ஸீஸ் கண்ட "பத்தாம் படுக்கைக் கல்லீரல்" அன்றோ! லண்டனில் அது மருத்துவமனையின் ஏற்பாடாகக் காணப்பட்டது. இங்கே அது தனிமனிதரின் அறிகுறியாகக் குறிக்கப்பட்டது. மாஸ்லாக் அம்மையார் பணியிடத்தின் பங்கைத் தொடர்ந்து வற்புறுத்தியவரே. ஆயினும் அளவுகோல் ஆளை அளந்ததால், மருந்தும் ஆளுக்கே கொடுக்கப்படலாயிற்று. மூச்சுப் பயிற்சி, தியானம், மன உறுதி வகுப்பு முதலியன பெருகின. இவற்றை நாம் இகழவில்லை. ஓரளவு பயன் தருகின்றன என்பதும் உண்மை. 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், இருவகை முயற்சிகளும் சேர்ந்து மருத்துவரிடையே பணிச்சோர்வை நூற்றுக்கு 54 என்பதிலிருந்து 44 ஆகக் குறைத்ததாகக் கண்டனர். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, ஆளை நோக்கிய முயற்சிகளைவிட வேலையின் ஏற்பாட்டை மாற்றிய முயற்சிகளே மிகுந்த பலன் தந்தன என்று காட்டியது.

ஏற்பாடு என்றால் என்ன? முதலாவது, தலைக்கு எத்தனை நோயாளி என்பது. 2002இல் லிண்டா ஏக்கன் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் பென்ஸில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அவருக்குப் பணிச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 23 உயர்ந்தது. அறுவை செய்துகொண்ட நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 உயர்ந்தது. ரெவான்ஸ் பதிவேடுகளில் தொட்டுக் காட்டிய தொடர்பு இங்கே எண்ணாக நிற்கிறது. அடுத்தது வேலை நேரம். 2004இல் பாஸ்டன் நகரில் நடந்த சோதனையில், ஒரே மூச்சில் 24 மணி நேரமும் அதற்கு மேலும் பணிபுரிந்த இளம் மருத்துவர்கள், குறுகிய முறையில் பணிபுரிந்தபோது செய்ததைவிட நூற்றுக்கு 36 மிகுதியாகக் கடுமையான பிழைகளைச் செய்தனர். ஆனால் 2020இல் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதையே மீண்டும் சோதித்தபோது, நேரத்தைக் குறைத்த இடத்தில் பிழைகள் கூடின! குறைந்த நேரத்துக்குள் ஒவ்வொரு மருத்துவரும் முன்னைவிட அதிக நோயாளிகளைப் பார்க்க நேர்ந்தது அங்கே வெளிப்பட்டது. நேரத்தைக் குறைத்து, ஆளைக் கூட்டாது விட்டால், சுமை தோளிலிருந்து தலைக்கு மாறுகிறது, அவ்வளவே.

2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரிவர நிர்வகிக்கப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்றே வரையறுத்தது. ஐம்பதாண்டுகளுக்கு மேல் சுற்றி வந்து, ஆராய்ச்சி மீண்டும் லண்டன் வார்டின் வாயிலில் நிற்கிறது எனலாம்.

நம் பாரத நாட்டுத் தாதிப் பயிற்சியும் மருத்துவப் பயிற்சியும் பிரிட்டிஷ் வழியைப் பின்பற்றி எழுந்தவை. கற்பவரின் உழைப்பில் வார்டு நடக்கும் ஏற்பாடும் அவ்வழியே வந்தது. தொடக்கத்திலேயே ஆள் பற்றாக்குறை இருந்தது: 1946இல் போர் குழுவின் அறிக்கை, பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்று கணக்கிட்டது. அதன்பின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. பயிற்சி மருத்துவரைப் பொறுத்தவரை, மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் மாதம் பிறப்பித்த ஆணை தெளிவாகவே இருந்தது: சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே தொடர்ச்சியில் 12 மணி நேரத்துக்கு மேற்படாத பணி, வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆனால், தேவையையொட்டி நேரம் நெகிழலாம் என்ற ஒரு வாசகமும் அதில் உண்டு. இத்தகைய வாசகங்களை மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு, நடைமுறையில் ஆணையை ஆளப்போவது அந்த ஒரு வாசகந்தான் என்று ஊகிப்பது கடினமாயில்லை.

2024 ஆகஸ்டில், கொல்கத்தாவின் அரசு மருத்துவமனை ஒன்றில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்திருந்த இளம் பெண் மருத்துவர் கொடுமையாகக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டபோது, 36 மணி நேரப் பணியையும், இரவுப் பணியாளர்க்கு ஓய்வறை இல்லாமையையும் தன் ஆணையில் குறிப்பிட்டது. அதே ஆண்டில், மருத்துவ மாணவரின் மனநலம் பற்றி ஆராய்ந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பயிற்சி மருத்துவரின் வேலை நேரத்துக்கு ஓர் உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. ஒரு நாள் 24 மணி நேரம், ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் ஓய்வு. ஆக வாரத்துக்கு 74 மணி நேரம்.