தூரத்தில் தெரிவது யார்?

1954-ல் வெளியான ‘எலிஃபண்ட் வாக்’ படத்தின் கதாநாயகி எலிஸபெத் டெய்லர். ஆனால், இலங்கையில் எடுத்த சில லாங் ஷாட்களில் முகம் தெரியாமல் தூரத்தில் தெரிகிறாரே ஒரு பெண்... அது டெய்லர் இல்லை. விவியன் லே!

முதலில் அந்த வேஷம் அவருக்குத்தான். 1953 தொடக்கத்தில் இலங்கையில் படப்பிடிப்பு. அங்கேயே மனசு கலங்க ஆரம்பித்துவிட்டது. கூட நடித்த பீட்டர் ஃபின்ச்சை ‘லாரி’ என்று கூப்பிட்டார். லாரி? அவருடைய கணவர், மாபெரும் நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் செல்லப்பெயர்! ஹாலிவுட் திரும்பியதும் நிலைமை முற்றிவிட, பாரமவுண்ட் நிறுவனம் 21 வயது டெய்லரைக் கொண்டுவந்தது. முகம் தெரியாத இலங்கைக் காட்சிகளை மட்டும் தூக்கிப்போடவில்லை. சினிமாக்காரர்களின் சிக்கனம்!

இத்தனைக்கும் இவர் நம்ம டார்ஜிலிங்கில் 1913-ல் பிறந்தவர். ஆறு வயதில் இங்கிலாந்து கான்வென்ட். 1935-ல் ‘தி மாஸ்க் ஆஃப் வர்ச்சூ’ நாடகம் லண்டனையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1938 டிசம்பரில் ‘கான் வித் த விண்ட்’ படத்துக்காக அட்லாண்டா நகரம் எரிவதைப் படமாக்கத் தொடங்கியபோதும், ஸ்கார்லெட் யாரென்று தயாரிப்பாளர் செல்ஸ்னிக் முடிவு செய்திருக்கவில்லை. அமெரிக்க நடிகைகள் வரிசையில் காத்திருக்க, வேஷத்தைத் தட்டிக்கொண்டு போனார் இந்த இங்கிலீஷ்காரி. கையோடு ஆஸ்கரும்!

அழகிதான், நடிக்கவும் வருமா என்று விமர்சகர்கள் விடாமல் சீண்டினார்கள். குறிப்பாக கென்னத் டைனன். நியாயமே இல்லாத குத்தல்! 1949-ல் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தில் மனம் சிதையும் பிளாஞ்ச் வேஷத்தை 326 முறை மேடையில் நடித்தார். 1951-ல் அதுவே படமாகி, இரண்டாவது ஆஸ்கர். அந்தப் பாத்திரம்தான் தன்னைப் பைத்தியத்துக்குள் தள்ளியது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனால், வியாதி அதற்கு முன்பே தலைகாட்டிவிட்டது. இன்று பைபோலார் என்கிறோமே, அதுதான். கூடவே காசநோய் வேறு.

மின் அதிர்ச்சி சிகிச்சைகள் கொடுத்தார்கள். அதற்கு நடுவிலும் மேடை ஏறினார். 1957-ல் லண்டனின் புராதன செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்றதும், பிரபுக்கள் சபைக்கே போய் எழுந்து நின்று ஆட்சேபித்தார். வெளியே அனுப்பினார்கள். தியேட்டரையும் இடித்துவிட்டார்கள்.

1960-ல் ஒலிவியருடன் விவாகரத்து. 1963-ல் ‘டோவரிச்’ இசை நாடகத்துக்காக டோனி விருது. 1967 ஜூலையில், மறுபடி மேடை ஏறத் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில், காசநோய் ஜெயித்துவிட்டது. வயது 53. லண்டன் வெஸ்ட் எண்ட் தியேட்டர்கள் ஒரு மணி நேரம் வெளிவிளக்குகளை அணைத்து வைத்தன.