பந்தய வண்டியும் பார வண்டியும்: காரின் 'பாடி'யை மாற்றலாமா?

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்கு வழிச் சாலையில் எட்டயபுரத்தைத் தாண்டினால் வரும் ஊர் எப்போதும்வென்றான். முதல் முறை பெயர்ப் பலகையைப் பார்ப்பவர்கள் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு பெயர்! சுற்றிலும் கரிசல் காடு. சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் கன்டெய்னர்களும்.

இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளில் மாட்டுவண்டிப் பந்தயம் பிரபலம். பந்தய வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. அச்சு, சக்கரம், ஏர்க்கால், ஓட்டுபவர் உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். ஆனால் பருத்தி மூட்டை ஏற்றும் வண்டியோ கனமான சட்டமும் பலகையுமாக இருக்கும். பந்தய வண்டியில் யாரும் மூட்டை ஏற்ற மாட்டார்கள். பார வண்டியைப் பூட்டிக்கொண்டு யாரும் பந்தயத்துக்குப் போக மாட்டார்கள். வேகத்துக்கு ஒரு வண்டி, பாரத்துக்கு ஒரு வண்டி என்பது கரிசல் சம்சாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத பாடம்.

கார் வந்த பிறகுதான் சிக்கல். ஒரே வண்டி வேகமாகவும் போக வேண்டும், வீட்டு ஆட்களைப் பத்திரமாகவும் கொண்டு சேர்க்க வேண்டும். இதற்காகச் சிலர் கம்பெனி கொடுத்த இரும்பு பானெட், டிக்கி கதவு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடை குறைந்த ஃபைபர் அல்லது கார்பன் ஃபைபர் பாகங்களை மாட்டுகிறார்கள். இது சட்டப்படி சரியா? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஃபைபர் ஒன்றும் தீண்டத்தகாதது அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ஃபைபர் பாடி என்பதே சட்டவிரோதம் அல்ல. அமெரிக்காவில் 1953-ல் வந்த செவர்லே கார்வெட் காரின் உடல் முழுக்க ஃபைபர் கிளாஸ்தான். இந்தியாவிலும் அப்படிப்பட்ட கார்கள் ஓடியிருக்கின்றன. பெங்களூரில் 1970-களில் 'பாதல்' என்ற மூன்று சக்கரக் கார் ஃபைபர் உடலோடு தயாரானது. அதன் பிறகு 1982-ல் அதே சிபானி குழுமம் 'டால்ஃபின்' என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாகக் கொண்ட வண்டி அது. எடை குறைவு என்பதால் ராலி ஓட்டுபவர்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் சாதாரண ஜனங்களுக்கு 'தட்டினால் டங் என்று சத்தம் வராத' காரின் மேல் நம்பிக்கை வரவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கதை முடிந்தது. 1990-களின் கடைசியில் வந்த 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு இருக்கை காரும் ஃபைபர் உடல்தான்.

இவை எல்லாம் சாலையில் ஓட அனுமதி பெற்றவை. காரணம், இவை கம்பெனியிலேயே ஃபைபர் உடலோடு பிறந்த வண்டிகள். அரசாங்கத்திடம் ஒப்புதல் வாங்கியதும் அந்த உருவத்தில்தான்.

தமிழ்நாட்டிலும் எடை குறைக்கும் கலைக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் கார் பந்தயம் நடந்தது. கோவையின் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் பல இளைஞர்கள் பந்தயத்துக்கு வர அந்தக் கார்கள் வழி செய்தன. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் திடல் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கார்கள் ஓடியது பந்தயத் தடத்தில். நம்பர் பிளேட்டோடு பொதுச் சாலைக்கு வரவில்லை. பந்தய வண்டி வேறு, பார வண்டி வேறு!

இரண்டு சதவீதத்தின் கதை

சரி, சட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வண்டியை மாற்றியமைப்பது பற்றி ஒரு பிரிவு இருந்தது. அதன் இடத்தில் வந்த 1988 சட்டத்தில் அது 52-வது பிரிவு ஆனது. இந்தப் பிரிவின் முதல் வடிவம் ரொம்பவே தாராளமானது. ஆர்.சி. புக்கில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம்! அதோடு இன்னொரு சலுகை. கூடுதல் பொருட்களை மாட்டுவதாலோ கழற்றுவதாலோ வண்டியின் வெற்று எடை 2 சதவீதத்துக்கு மேல் மாறவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். 800 கிலோ காருக்கு இது 16 கிலோ.

2000-ம் ஆண்டுத் திருத்தம் இந்தக் கதவைச் சாத்தியது. கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரம் இருக்கும்படி யாரும் வண்டியை மாற்றக் கூடாது என்று பிரிவு மாறியது. 2 சதவீதச் சலுகையும் போனது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாற கிட் பொருத்துவதற்கு மட்டும் நிபந்தனையோடு வழி விட்டார்கள். 'மாற்றம்' என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் சேர்த்தார்கள்: வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம்.

இந்த விளக்கத்தை வைத்துத்தான் கேரளத்தில் வழக்கு நடந்தது. மாநில விதிகளைக் காட்டி, கட்டமைப்பு மாற்றத்துக்கு இடம் உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ம் தேதி அதை மாற்றியது. கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, மாநில விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவைதான் என்றது தீர்ப்பு. அப்படித் தடை செய்யப்படாத மற்ற விவரங்களை முறைப்படி ஆர்.சி.யில் பதிந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் கூட்டியது. புதிய 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். பானெட் ஒன்று, டிக்கி ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அப்படியானால் அதே வடிவத்தில், அதே நிறத்தில் ஒரு ஃபைபர் பானெட் மாட்டினால்? அது 'அடிப்படை அம்ச' மாற்றமா என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சாலையோரம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் செய்து ஜெயிப்பது கஷ்டம். 2024-ல் ஆலப்புழையில் ஒரு யூடியூபர் காருக்குள்ளேயே நீச்சல் குளம் கட்டி ஓட்டியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்படிப்பட்ட கூத்துகளுக்குப் பிறகு, சின்ன மாற்றம் செய்தவரையும் அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

'பாடி கட்டுவது' என்ற பழக்கம்

நம் ஊரில் இந்தச் சட்டம் மனதில் ஒட்டாததற்கு ஒரு காரணம் உண்டு. லாரி என்றால் கம்பெனி சேஸிஸ் கொடுக்கும், நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுவார்கள். பேருந்து என்றால் கரூர். வண்டி வேறு, பாடி வேறு என்பது தலைமுறைகளாகப் பழகிய விஷயம். ஆனால் லாரிக்குப் பாடி கட்டுவது பதிவுக்கு முன்னால். கட்டி முடித்த வண்டியைப் பார்த்துத்தான் ஆர்.சி. தருகிறார்கள். கார் அப்படி இல்லை. அதன் தகடுகளே அதன் எலும்புக்கூட்டோடு சேர்ந்து வேலை செய்கின்றன.

இரும்பு பானெட் மோதலில் நடுவில் மடிய வேண்டும் என்று கணக்குப் போட்டே செய்யப்படுகிறது. மடியாவிட்டால் அது பின்னால் நகர்ந்து கண்ணாடியை நோக்கி வரும். குறுக்கே வந்தவரின் தலை பானெட்டில் மோதினாலும் அது அமுங்கிக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2017 அக்டோபர் முதல் புதிய மாடல் கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. அந்தச் சோதனையில் தேறியது கம்பெனி பானெட். பட்டறையில் வார்த்த ஃபைபர் பானெட் எந்தச் சோதனைக்கும் போனதில்லை. எடை குறைந்த மெல்லிய பானெட் வேகத்தில் காற்றுக்குத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை மறைக்கும் ஆபத்தும் உண்டு. பந்தயக் கார்களில் தனியாக பின் போட்டுப் பூட்டுவது அதற்காகத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் உப்புக் காற்று. இரும்புத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று செலவு செய்து அலுத்துப்போனவர் துருவே பிடிக்காத ஃபைபரைத் தேடுவது ஆடம்பரத்துக்காக அல்ல. பழைய காருக்கு அசல் பாகம் கிடைக்காதவரின் நிலையும் அதுதான். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் பணத்தை மறுக்க வாய்ப்பிருக்கிறது என்பதும் இவர்களில் பலருக்குத் தெரியாது.

ஜெர்மனியில் பாகம் செய்பவரே அதைச் சோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கி விற்கலாம். வாங்கியவர் அதைக் காட்டி ஓட்டலாம். ஜப்பானில் 1995-ல் விதிகளைத் தளர்த்தினார்கள். சிறிய கார்களுக்கு 50 கிலோ வரை எடை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதாவது, நம் பழைய 2 சதவீதத்தின் அண்ணன்! இந்தியாவிலும் 2019 திருத்தம், மாற்றங்களுக்கான தரத்தையும் நிபந்தனையையும் மத்திய அரசு வகுக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கேற்ப வண்டியை மாற்றி, பிறகு ஒப்புதல் வாங்கவும் சட்டம் இடம் தருகிறது. சி.என்.ஜி. கிட்டைச் சோதித்துச் சான்று தர முடிகிறது என்றால், ஒரு பானெட்டையும் சோதித்துத் தர முடியும்.

அதுவரை சாலைக்குப் பார வண்டி, தடத்துக்குப் பந்தய வண்டி என்ற கரிசல் கணக்கே பத்திரமானது. ஊர்ப் பெயரில் மட்டும்தான் எப்போதும் வெல்ல முடியும். நான்கு வழிச் சாலையில் ஒரு முறை தோற்றாலே போதும், எல்லாம் முடிந்துவிடும்.