தண்ணீரும் கணினியும்

பேரன் கணினிக்குள் தண்ணீர்க் குழாய் மாட்டுவதைப் பார்த்துப் பதறிப்போனேன். மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாகலாமா?

தேடிப் படித்தேன். இது பழைய கதைதான். 1980இல் வந்த ஐபிஎம் 3081 பெருங்கணினியில், சிறு உலோகத் தண்டுகள் சில்லுகளை அழுத்தி வெப்பத்தை வாங்கின. குளிர்நீர் அதைச் சுமந்து சென்றது. 1990களில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் சில்லுகள் வந்தன. பெருங்கணினிகள் மீண்டும் காற்றுக்குத் திரும்பின.

அந்தப் பத்தாண்டின் இறுதியில், வேகத்துக்கு ஆசைப்பட்ட இளைஞர்கள் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் மீன்தொட்டி பம்பையும் இணைத்து, வீட்டிலேயே தண்ணீரை மீண்டும் அழைத்துவந்தார்கள்.

ஆனால் கசிந்தால் அத்தனை உழைப்பும் பாழ். பேரனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "முதலில் பம்பை மட்டும் ஒருநாள் ஓட்டிப் பார். ஒரு சொட்டும் கசியவில்லை என்றால் மற்றதற்கு மின்சாரம் கொடு." தலையாட்டினான்.