குடியும் ஆபாதியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பழைய நகரைத் தாண்டினால் சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். அவற்றை ஒட்டி, உப்பனாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது குடிகாடு. ஈச்சங்காடு அதன் அண்டை ஊர். ஈச்சமரம் நின்ற இடம் ஈச்சங்காடு என்றால், குடிகள் நின்ற இடம் குடிகாடு.

இப்பக்கத்துப் பேச்சில் காடு என்பது வனம் மட்டுமல்ல. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு, கடலோரம் சவுக்குக்காடு என்று மனிதர் நட்டு வளர்த்ததும் காடுதான். ஆகவே குடிகாடு என்ற பெயருக்குள் புதரை வெட்டி, மேட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் உழைப்பு இருக்கிறது. வெள்ளாற்றங்கரையில், பெரம்பலூர் மாவட்டத்தில், லெப்பைக்குடிக்காடு இருக்கிறது. வந்து தங்கியவர்கள் யார் என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

குடி என்ற சொல் வீட்டைக் குறிக்கும், குடும்பத்தைக் குறிக்கும், உழவரைக் குறிக்கும், ஊரையும் குறிக்கும். திருக்குறளின் ‘குடிசெயல்வகை’ குடும்பத்தை உயர்த்துவது பற்றிய அதிகாரம். விளைச்சலில் உழுதவன் பங்கு குடிவாரம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அதே குடி ஊராகிறது.

இப்படி வசிப்பவரையும் வசிக்கும் இடத்தையும் குறிக்கும் பாரசீகச் சொல்லும் ஒன்று உண்டு. ஈரானில் சிற்றூருக்கு ‘ஆபாதி’ என்று பெயர். அதே சொல் உருதுவுக்கும் இந்திக்கும் வந்து மக்கள்தொகையைக் குறிக்கிறது. ‘ஆப்’ என்றால் நீர் என்பதால், நீருள்ள இடமே ஆபாதி என்று விளக்குவோர் பலர். மொழியியலாரோ ‘காக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் பழைய வேரிலிருந்து அதை வருவிக்கிறார்கள்.

பாரசீகச் சொற்கள் நம் பக்கத்துக்கும் வந்தன. 1649-இல் செஞ்சிக்கோட்டை பீஜப்பூர் வசமானது. 1698-இல் முகலாயர் கைக்குப் போனது. பிறகு வந்தது ஆற்காட்டு நவாபு ஆட்சி. பாரசீகம் அலுவல் மொழியாக இருந்த அந்தக் காலம் பரங்கிப்பேட்டையை மஹ்மூது பந்தர் ஆக்கியது. தாசில்தார், ஜமாபந்தி, பசலி போன்ற சொற்கள் தாலுகா அலுவலகத்தில் இன்றும் நடமாடுகின்றன. ஆனால் மக்கள் குடியிருக்கும் மனைநிலத்தை வட இந்திய வருவாய் ஆவணங்கள் ஆபாதி என்று எழுத, நம் பதிவேடுகளில் அது நத்தமாகவே நின்றுவிட்டது. இரு மொழிகளும் கூடிப் பிறந்த சொல்லும் ஒன்று உண்டு: குடிமராமத்து. ஊர்க்குடிகள் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் பழைய முறை அது. 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அந்த முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

எண்ணிக்கை என்று வரும்போது இரு நாடுகளும் பிரிகின்றன. ஈரானியக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆபாதியையும் தனித்தனியே பதிகிறது: ஊர்ப்பெயர், குடும்பம் எத்தனை, தலை எத்தனை. இரண்டு மூன்று வீடுகளே மிஞ்சிய இடமானால் தொகையை வெளியிடாமல் பெயரையாவது பட்டியலில் வைக்கிறது. நம் கணக்கெடுப்புக்கு அலகு வருவாய்க் கிராமம். அதன் உட்கிடையாக, பத்திரத்தில் ‘மஜரா’ என்று எழுதப்படும் குக்கிராமங்களின் தொகை தாய்க்கிராமத்தின் கணக்கில் கரைந்துவிடும். தேர்த் திருவிழாவுக்கு வரி போடும் ஊர்ப் பெரியவருக்குத் தன் தெருவில் எத்தனை தலைக்கட்டு என்பது மனப்பாடம். அரசாங்கத்தின் அச்சிட்ட புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. குடிநீர்த் தொட்டியோ பேருந்தோ கேட்டு மனு எழுதும்போதுதான் இந்தக் குறை உறைக்கும்.

குக்கிராமப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. 2027 கணக்கெடுப்பு முடிந்து தொகை வெளிவரும்போது, ஒவ்வொரு குக்கிராமத்தின் பெயரையும் அதன் குடித்தொகையையும் தனியே அச்சிட வேண்டும் என்று கிராம சபைகள் இப்போதே தீர்மானம் போடட்டும்.