பெர்லினை அடைத்தார்கள், நேட்டோ பிறந்தது

1948 ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், கால்வாய் வழிகளை சோவியத் படை அடைத்தது. போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கும் பங்கிட்டிருந்தன. பெர்லினும் அப்படியே நான்கு பிரிவானது. ஆனால் நகரம் இருந்த இடம் சோவியத் பகுதிக்குள், எல்லையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே. மேற்குப் பிரிவுகள் மூன்றிலும் 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசித்தனர்.

மேற்குப் பகுதிகளில் புதிதாக வெளியிட்ட டாய்ச் மார்க் நாணயம்தான் உடனடிக் காரணம். சோவியத் தலைவர் ஸ்டாலினின் உண்மையான கவலை வேறு: மேற்கு ஜெர்மனி தனி நாடாகிவிடக் கூடாது. மேற்கு நாடுகளும் ஒரே மனதாக இல்லை. இரு உலகப் போர்களிலும் ஜெர்மானியப் படையெடுப்பைக் கண்ட பிரான்ஸ், ஜெர்மன் அரசு மீண்டும் உருவாவதை அரைமனதோடுதான் ஏற்றது. பெர்லினை நெருக்கினால் இந்த விரிசல் பெரிதாகும் என்பது மாஸ்கோவின் கணக்கு.

ஆயுதப் பாதுகாப்புடன் சாலை வழியே வண்டிகளை அனுப்பலாம் என்றார் அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே. வாஷிங்டன் மறுத்தது. தரைவழி உரிமையை 1945-இல் யாரும் தெளிவாக எழுதி வாங்கியிருக்கவில்லை. மூன்று வான்வழிகளுக்கு மட்டும் எழுத்துப்பூர்வ உடன்பாடு இருந்தது. ஆகவே ஜூன் 26 முதல் விமானங்கள் பறந்தன. மாவு, பால் பவுடர், மருந்து எல்லாம் வந்தாலும் சுமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. முடிவில் 2,70,000-க்கும் அதிகமான நடைகளில் 23 லட்சம் டன் வந்து சேர்ந்திருந்தது. விபத்துகளில் 101 பேர் இறந்தனர். தயங்கிய பிரான்ஸின் பிரிவில்தான் டேகல் விமான நிலையம் எழுந்தது. ஓடுபாதைக்கு இடைஞ்சலாக நின்ற, சோவியத் கட்டுப்பாட்டிலிருந்த வானொலிக் கோபுரங்களை பிரெஞ்சுத் தளபதி கானெவால் டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார். மாஸ்கோவின் கணக்கு எவ்வளவு பிசகியது என்பதற்கு இதைவிட உரத்த சான்று வேண்டியதில்லை.

விமானங்கள் பறந்துகொண்டிருந்தபோதே வாஷிங்டனில் ராணுவக் கூட்டணிக்கான பேச்சு நடந்தது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவை 1948 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் செய்திருந்தாலும், அமெரிக்கா இல்லாமல் அதற்கு வலு கிடையாது. அமைதிக் காலத்தில் ஐரோப்பாவுடன் ராணுவக் கூட்டு வைப்பதில்லை என்பதோ அமெரிக்காவின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தை அமெரிக்கா உடைத்தது: 1949 ஏப்ரல் 4 அன்று அதையும் சேர்த்து 12 நாடுகள் நேட்டோவை உருவாக்கிய வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒருவர்மீதான தாக்குதல் எல்லார்மீதும் நடந்த தாக்குதல் என்கிறது அதன் 5-வது பிரிவு. தானாகவே போரில் இறங்கும் கடமையை அமெரிக்க செனட் ஏற்காது. எனவே எந்த நடவடிக்கை தேவை என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும் என்று வாசகத்தைத் தளர்த்தினார்கள். வெளியே உறுதியாகத் தெரிந்த ஒற்றுமைக்குள் இந்த நெகிழ்வு தெரிந்தே வைக்கப்பட்டது.

மேற்கு நாடுகளும் பதிலுக்கு சோவியத் பகுதிக்குச் சரக்கு போகாமல் தடுத்திருந்தன; அந்த அடியும் சேர்ந்து மாஸ்கோவுக்கு வலித்தது. 1949 மே 12 அன்று முற்றுகை விலகியது. அதே மாதம் 23-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டுக்குப் படை வேண்டுமா என்ற கேள்வியில் கூட்டணி மறுபடி இழுபட்டது. அதற்கு விடையாக வந்த ஐரோப்பியப் பொதுப் படைத் திட்டத்தை 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே கைவிட்டது. பிறகு 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேரடியாக நேட்டோவில் சேர்ந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி சோவியத் யூனியன் தன் கூட்டாளிகளுடன் வார்சா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.