1.57 பிறந்த கதை

1990 ஜூன் மாதம் ஜப்பான் அரசு முந்தைய ஆண்டின் பிறப்புக் கணக்கை வெளியிட்டது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்று சொல்லும் எண் 1.57 என்று வந்திருந்தது. நாடே அல்லோலகல்லோலப்பட்டது. '1.57 அதிர்ச்சி' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அதிர்ச்சியடைய அதில் புதிதாக ஒன்றுமில்லை. மக்கள்தொகை குறையாமலிருக்க ஏறக்குறைய 2.1 வேண்டும். 1970களின் நடுவிலேயே ஜப்பான் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. 1.8, 1.7 என்று சரிந்தபோதெல்லாம் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. 1.57க்கு மட்டும் பதறியதற்குக் காரணம், 1966ல் அந்த எண் 1.58. அதற்குக் கீழே ஒரு பள்ளம் இருக்க முடியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1966ல் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து, புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1965ல் 18 லட்சத்து 24 ஆயிரம் குழந்தைகள் பிறந்த நாட்டில், 1966ல் 13 லட்சத்து 61 ஆயிரம்தான். மறு ஆண்டே 19 லட்சத்து 36 ஆயிரம்! நடுவில் ஒரே ஓர் ஆண்டு, கால் பங்குக் குழந்தைகளைக் காணோம்.

காணாமல் அடித்தது ஒரு குதிரை. நம் பஞ்சாங்கம் போலவே அங்கும் ஆண்டுகள் அறுபதாகச் சுற்றி வருகின்றன. (1966 சித்திரையில் நமக்குப் பிறந்தது பராபவ, 2026லும் அதுவேதான்.) அந்த அறுபதில் ஒன்று 'ஹினோஎஉமா', நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காப்பிடாரி, புருஷனை விழுங்கிவிடுவாள் என்பது நம்பிக்கை. ஆணுக்கு ஒரு குறையும் இல்லை. இதெல்லாம் பெண் மூலம் நிர்மூலம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு முகம் கொடுத்தவள் ஓஷிச்சி. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக் காய்கறிக்கடைக்காரரின் மகள். 1682 கடைசியில் மூண்ட பெருந்தீயில் வீடு போக, குடும்பம் ஒரு கோயிலில் தஞ்சம் புகுந்தது. அங்கே ஓர் இளைஞன் மேல் அவளுக்குக் காதல். வீடு திரும்பியபின், இன்னொரு தடவை தீப்பிடித்தால் மறுபடி அவனைப் பார்க்கலாமே என்று தானே நெருப்பு வைத்தாளாம். பிடித்துக்கொண்டுபோய் 1683ல் உயிரோடு கொளுத்திவிட்டார்கள். மூன்றே ஆண்டில் எழுத்தாளர் இஹாரா சாய்க்காகு அவளைக் கதையாக்கிவிட்டார். பிறகு பொம்மலாட்டம், கபுகி. மேடை ஓஷிச்சி தீ வைப்பதில்லை. இரவில் ஊர்க் கதவுகள் மூடிக் கிடக்கின்றன, தீ எச்சரிக்கை ஒலித்தால்தான் திறக்கும். கொட்டும் பனியில் கோபுர ஏணியில் ஏறிப் பொய் முரசு அடிக்கிறாள். அந்தக் கட்டத்தில் நடிகர் பொம்மைபோல விறைத்து அசைவார், பின்னால் நிற்பவர்கள் அவரை ஆட்டுவிப்பதாகப் பாவனை செய்வார்கள்.

ஓஷிச்சி பிறந்தது 1666, நெருப்புக் குதிரை ஆண்டு என்று சொல்லி வருகிறார்கள். ஆனால் சாகும்போது அவளுக்குப் பதினாறு என்றும் சொல்லி வருகிறார்கள். பிறந்த உடனே ஒன்று, புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒன்று கூடுதல் என்பது அக்கால வயதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அவள் 1668ல் பிறந்திருக்க வேண்டும். ஆண்டை அவள் தலையில் கட்டியது பிற்கால நாடகக்காரர்களாகவே இருக்கும். தப்புக் கணக்காக இருந்தாலும் முந்நூறு ஆண்டு ஓடியிருக்கிறது.

1906ல் இதே ஆண்டு வந்தபோது பிறப்பு கொஞ்சம்தான் குறைந்தது. பெண் பிறந்தால் தேதியை முன்பின்னாக மாற்றிப் பதிந்துவிடுவது அப்போதைய உபாயம். 1966ல் கருத்தடைச் சாதனங்கள் வந்துவிட்டிருந்தன. கருக்கலைப்பை 1948லேயே சட்டம் அனுமதித்திருந்தது. பழைய பயத்துக்குப் புதுக் கருவி கிடைத்தது. பத்திரிகைகளும் தம் பங்குக்கு ஊதிப் பெருக்கின. அந்த ஆண்டில் பிறந்த பெண் சிசுக்களின் இறப்புக் கணக்கைத் துருவிய ஓர் ஆய்வு, விபத்து என்றும் வன்முறை என்றும் பதிவான சாவுகள் ஏறியிருந்ததை 1975ல் எடுத்துச் சொன்னது. படிக்க மனம் வராத பக்கம் அது.

1966ன் பெற்றோர் எல்லோரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. 1906ல் பிறந்த பெண்கள் வரன் கிடைக்காமல் பட்ட பாட்டை அவர்களின் வீடுகளிலேயே பார்த்திருந்தார்கள். அன்று கல்யாணங்களில் ஏறக்குறைய பாதி பெரியவர்கள் பேசி முடித்தவை. 'எனக்கு நம்பிக்கை இல்லை, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு இருந்தால்?' குதிரையை நம்பாதவர்களும் வரப்போகும் சம்பந்தியை நம்பினார்கள். அது போதும், ஒரு தேசத்தின் தொட்டில்களில் கால் பங்கு காலியாக.

1989ல் குதிரையே இல்லாமல் எண் அதற்கும் கீழே போனதும் இப்படித்தான். வேலையில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் 1986லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவாள் என்று கம்பெனி எதிர்பார்த்தது. பிள்ளையும் சமையலும் வயதான மாமனார் மாமியாரும் மருமகள் பாடு என்று வீடு எதிர்பார்த்தது. இருபத்தைந்து தாண்டியவளை 25ஆம் தேதிக்குப் பிறகு விலைபோகாத கிறிஸ்துமஸ் கேக் என்று கேலி செய்தார்கள். அவள் என்ன செய்வாள்? கல்யாணத்தையே தள்ளிப்போட்டாள். கல்யாணம் இல்லாமல் பிள்ளை பெறுவது அங்கே நூற்றுக்கு இரண்டு பேர்தான், ஆகவே தாலி தள்ளிப்போனால் தொட்டிலும் தள்ளிப்போகும்.

நிதியமைச்சராக இருந்த ரியூதாரோ ஹாஷிமோட்டோ, பெண்கள் அதிகம் படிப்பதுதான் காரணமோ என்கிற தொனியில் பேசி வாங்கிக்கட்டிக்கொண்டார். 1994ல் குழந்தைக் காப்பகங்களைப் பெருக்க 'ஏஞ்சல் பிளான்' வந்தது. சம்பந்தியின் மனதையோ, இரவு பத்து மணிவரை ஆளை விடாத மேலாளரின் மனதையோ காப்பகம் மாற்றிவிடுமா?

அதே 1990 ஜூனில் அகிஷினோ இளவரசர் கிகோவைக் கைப்பிடித்தார். கிகோ பிறந்தது 1966 செப்டம்பர், அசல் நெருப்புக் குதிரை. 41 ஆண்டுகளாக ஆண் குழந்தை பிறக்காத அரச குடும்பத்துக்கு 2006ல் ஆண் வாரிசைப் பெற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

அதிர வைத்த 1.57 இன்று அங்கே எட்டாத கனவு. 2005ல் 1.26. 2024ல் 1.15, பிறந்த குழந்தைகள் 6 லட்சத்து 86 ஆயிரம். 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு. குதிரைக்கு இந்த முறை பெரிய வேலை இருக்காது என்பது என் எண்ணம். பெண் பிறந்த ஆண்டைத் துருவிக் கேட்கும் தரகர்கள் அருகிவிட்டார்கள். கல்யாணமும் அருகிவிட்டது: 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நடந்தவை 2023ல் 4 லட்சத்து 75 ஆயிரம்.